பக்கவாட்டில் ஓடும் சக்கரம்: மாணவர் ரோபோக்களின் நூறாண்டு முன்கதை

சக்கரம் முன்னும் பின்னும் உருளும். அச்சின் திசையில் தள்ளினால் தேயுமே தவிர உருளாது. நெருக்கடியான இடத்தில் காரை நிறுத்த அல்லாடுவது இதனால்தான். இந்தத் தடைக்கு ஒரு தீர்வு 1919ஆம் ஆண்டின் அமெரிக்கக் காப்புரிமை ஒன்றிலேயே இருக்கிறது. ஜே. கிராபோவியெக்கி என்பவர் பெரிய சக்கரத்தின் விளிம்பு நெடுகச் சிறு உருளைகளைக் குறுக்காகப் பொருத்தும் அமைப்பை அதில் விவரித்திருந்தார். சக்கரம் சுழன்றால் வண்டி முன்னே போகும்; பக்கத்திலிருந்து விசை வந்தால் உருளைகள் சுழன்று வழிவிடும். இன்று மாணவர்கள் 'ஆம்னி வீல்' என்று சொல்வதன் அடிப்படை இதுதான்.

அந்த யோசனை பல பத்தாண்டுகள் தூங்கியது. வடிவத்தில் குறையில்லை. ஒரே எஞ்சினின் சக்தியைப் பிரித்துக்கொடுத்த காலத்தில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி வேகமும் தனித் திசையும் யார் கொடுப்பது? இந்த வரலாற்றைச் சக்கரத்தின் வரலாறாகப் பார்ப்பதைவிட, அதை ஆட்டுவிக்கும் மோட்டார், கணினி, சந்தை ஆகியவற்றின் வரலாறாகப் பார்ப்பதே பொருத்தம்.

1970களில் சக்கரம் மீண்டும் தலைகாட்டியது, சற்று விசித்திரமான வழியில். நாசா பொறியாளர் ஜோசப் புளும்ரிச், வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வந்ததாக எழுதிய எரிக் வான் டேனிக்கனை மறுக்கப் புறப்பட்டார். பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட சக்கரங்களை ஆராய்ந்தவர், கடைசியில் டேனிக்கன் பக்கமே சாய்ந்துவிட்டார். அவர் முடிவை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாத் திசையிலும் செல்லும் சக்கரத்துக்கு 1974இல் அவர் பெற்ற காப்புரிமை உண்மையானது.

அடுத்த ஆண்டு ஸ்வீடனின் பெங்க்ட் இலோனுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரே அந்தச் சக்கரத்துக்கு நிலைத்தது: மெக்கானம். இதில் உருளைகள் 45 பாகை சாய்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு சக்கரமும் தரையை மூலைவாக்கில் தள்ளுகிறது. நான்கும் முன்னே சுழன்றால் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, வண்டி நேரே போகும். எதிரெதிர் மூலையிலுள்ள ஒரு ஜோடி முன்னும் மற்ற ஜோடி பின்னும் சுழன்றால் முன்பின் விசைகள் அழிந்து, வண்டி நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'யுரேனஸ்' ரோபோ இந்தச் சக்கரங்களில் ஓடியது. அதற்கான இயக்கக் கணிதத்தை மியூர், நியூமன் இருவரும் 1987இல் வெளியிட்டனர்.

மாணவர் களத்தில் பெரிய திருப்பம் கால்பந்தில் நிகழ்ந்தது. ரோபோகப் போட்டியின் சிறிய ரோபோக்கள் பிரிவில், ரஃபாயெல்லோ டி'ஆண்ட்ரியா வழிநடத்திய கார்னெல் பல்கலைக்கழக அணி 2000ஆம் ஆண்டு மெல்போர்னில் எல்லாத் திசையிலும் ஓடும் ரோபோக்களை இறக்கிக் கோப்பை வென்றது. களமும் அதற்கு ஒத்துழைத்தது. மேலேயிருந்து கேமரா பார்க்கிறது. வெளியே இருக்கும் கணினி ரோபோவின் இடத்தையும் அது பார்க்கும் திசையையும் கணித்து, வேகக் கட்டளைகளை ரேடியோவில் அனுப்புகிறது. உடலைத் திருப்பாமலே பந்தை நோக்கிப் பாயும் ரோபோவுக்கு முன்னால், திரும்பித் திரும்பி வரும் ரோபோ திணறியது. பிறகு அந்தப் பிரிவில் ஆம்னி சக்கரமே வழக்கமாயிற்று.

பள்ளி மாணவர்களின் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் கதை அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் முதல் போட்டி 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது. இங்கே ஐம்பது கிலோவைத் தாண்டக்கூடிய ரோபோக்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளும். உருளைகள் சுழன்று வழிவிடுவதுதான் இந்தச் சக்கரங்களின் சிறப்பு. தள்ளுமுள்ளில் அதுவே பலவீனம். ரப்பர் சக்கர ரோபோ ஒன்று இடித்தால் மெக்கானம் ரோபோ இடம்பெயர்ந்துவிடும். நான்கு ஆம்னி சக்கரங்களை மூலைகளில் 45 பாகையில் திருப்பி வைத்தால், ஏட்டுக் கணக்கில் ரோபோ சக்கர வேகத்தைப்போல் 1.41 மடங்கு வேகத்தில் முன்னே ஓடும். தள்ளும் விசை அதே விகிதத்தில் குறையும். இனாமாக எதுவும் கிடைப்பதில்லை. ஆயினும் 2004இல் தொடங்கிய ஆண்டிமார்க் போன்ற நிறுவனங்கள் இத்தகைய சக்கரங்களை ஆயத்தப் பொருளாக விற்கத் தொடங்கியதும், பட்டறை வசதி இல்லாத பள்ளிகளும் அவற்றை முயன்று பார்த்தன.

பிடிமானமும் வேண்டும், பக்கவாட்டு ஓட்டமும் வேண்டும் என்றவர்களுக்கு விடை 'ஸ்வெர்வ்'. இதில் உருளைகளே கிடையாது. நான்கு சாதாரணச் சக்கரங்களும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மோட்டாரில் உருண்டு, இன்னொரு மோட்டாரால் வேண்டிய பக்கம் திரும்பும். ஆக எட்டு மோட்டார், கூடுதல் எடை, சிக்கலான நிரல். நீண்ட காலம் வசதியும் துணிச்சலும் உள்ள அணிகளின் தனிச்சொத்தாகவே இது இருந்தது. பிறகு எடை குறைந்த பிரஷ்லெஸ் மோட்டார்களும் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டும் ஆயத்தத் தொகுதிகளும் வந்தன. 2020இல் போட்டிக்கான பொது நிரல் நூலகத்திலேயே ஸ்வெர்வ் கணிதம் சேர்ந்தது. சில ஆண்டுகளிலேயே முன்னணி அணிகளில் பெரும்பாலானவை அதற்கு மாறிவிட்டன.

அதே அமைப்பு நடத்தும் சிறிய போட்டியான ஃபர்ஸ்ட் டெக் சாலஞ்சில் நிலவரம் வேறு. மொத்த ரோபோவுக்கே எட்டு மோட்டார்தான் வரம்பு. அத்தனையையும் ஸ்வெர்வுக்குக் கொடுத்துவிட்டால் பொருளைத் தூக்கும் கைக்கு மோட்டார் மிஞ்சாது. அதைத் தவிர்க்க, சக்கரத்தைத் திருப்பச் சிறிய சர்வோக்களை நம்பியாக வேண்டும். அங்கே பெரும்பாலான அணிகள் இன்னும் இலோனின் சாய்ந்த உருளைகளில்தான் ஓடுகின்றன.