முதுமை மறதியும் முன்னோர் கண்ட இசை மருத்துவமும்

அறிவு மனிதனுக்குக் கிடைத்த பெருங்கொடை. அதனைக் கொடுத்தவனே திரும்பப் பெற்றுக்கொள்ளும் காலமும் உண்டு என்பதைத் திருமறை இரண்டு இடங்களில் நினைவூட்டுகின்றது. ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தின் 70-ஆம் வசனமும், ‘அல்ஹஜ்’ அத்தியாயத்தின் 5-ஆம் வசனமும், சிலர் வாழ்வின் மிகத் தளர்ந்த பருவத்துக்குத் திருப்பப்பட்டு, அறிந்திருந்தவற்றையெல்லாம் அறியாதவராகி விடுவதைச் சுட்டுகின்றன. ‘அர்தலுல் உமுர்’ என்று அரபியில் வழங்கும் அப்பருவத்திலிருந்து காவல் வேண்டி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைஞ்சியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள்.

இன்று மருத்துவர்கள் டிமென்ஷியா என்று குறிக்கும் மறதி நோயை அத்தளர்ச்சியின் ஒரு முகம் எனலாம். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது, 1906-ஆம் ஆண்டில் அலாய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எடுத்துரைத்து, பின்னர் அவர் பெயராலேயே வழங்கலான நோயாகும். இந்தியாவில் 60 வயதை எட்டியவர்களுள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கின்றனர் என 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகின்றது. காஞ்சி மாநகரின் தறி வீதிகளிலும், மாட வீதிகளிலும், பள்ளிவாசலைச் சூழ்ந்த தெருக்களிலும் இத்தகையோர் இருக்கவே செய்வர். பெற்ற மகனை யாரென்று வினவுபவர். தொழுது முடித்ததை மறந்து மீண்டும் உளூச் செய்யப் புறப்படுபவர். என்றோ மறைந்த தாயைத் தேடி வாசலுக்கு விரைபவர் எனப் பலர். விருந்தினர் வருங்கால் அவர்கள் இருக்கும் அறையின் கதவு மெல்லச் சாத்தப்படுவதும் பல இல்லங்களில் உண்டு.

இத்தகையோர் முன்னிலையில் பாடுவதும், இசைப்பதும், ஆடிக் காட்டுவதும் இன்று பல நாடுகளில் ஒரு தொண்டாக வளர்ந்துள்ளன. மறதி நோயுற்றவரும் அவரைப் பேணுவோரும் கூடியமர்ந்து பாடும் குழுக்கள் 2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கின. ஸ்பெயின் நாட்டின் வலென்சியாப் பகுதியில், மார்த்தா சிந்தா கொன்சாலெஸ் என்னும் முன்னாள் நடனக் கலைஞர் நோயுற்றுச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார். 2019-இல் அவர் செவியில் சைகோவ்ஸ்கியின் ‘அன்ன ஏரி’ இசையை ஒலிக்கச் செய்தபோது, தளர்ந்த கைகள் உயர்ந்து பழைய அபிநயத்தை மீட்டன. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அக்காட்சி உலகெங்கும் பரவிற்று. கண்டோர் இதனைப் புதுமை என்றனர். நம் முன்னோரின் ஏடுகளைப் புரட்டுவோர்க்கோ இது மிகப் பழைய செய்தி.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்கிந்தி அவர்கள், மெய்யியலிலும் கணிதத்திலும் மருத்துவத்திலும் இசையிலும் வல்லவர், கி.பி. 873-ஐ ஒட்டி மறைந்தவர். அவரைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை, அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்த அல்கிஃப்தி அவர்கள் (1172–1248) எழுதி வைத்துள்ளார்கள். அல்கிந்தியின் அண்டை வீட்டில் செல்வர் ஒருவர் இருந்தார். அவருடைய வணிகத்தின் கொள்முதலும் விற்பனையும் கணக்கும் முழுமையும் மகன் கையில் இருந்தன. அச்செல்வர் அல்கிந்தியை எங்கும் இகழ்ந்து பேசுபவர். ஒரு நாள் மகன் திடீரென உணர்விழந்து வீழ்ந்தான். தமக்கு வரவேண்டியது எவ்வளவு, தாம் தரவேண்டியது எவ்வளவு என்பதே தந்தைக்குத் தெரியவில்லை. மருத்துவர்கள் பலரும் கைவிட்ட பின்னர், இகழ்ந்தவர் வாயிலுக்கே அவர் சென்று நிற்க நேர்ந்தது.

அல்கிந்தி அவர்கள் பழம்பகையைக் கருதாது வந்தார்கள். மகனின் நாடியைப் பற்றியபடி, ‘ஊது’ என்னும் நரம்பிசைக் கருவியில் தேர்ந்த தம் மாணவர் நால்வரை அழைத்து, இன்ன முறையில் மீட்டுக என்று பணித்தார்கள். இசை தொடரத் தொடர நாடி வலுவுற்றது, மூச்சுச் சீராயிற்று, மகன் அசைந்தான், எழுந்தமர்ந்தான், பேசினான். வேண்டியதை இப்போதே கேட்டறிந்து எழுதிக்கொள்ளுமாறு தந்தைக்கு அல்கிந்தி கூறினார்கள். அவரும் கணக்கையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பின்னர் மீட்டுவோர் அம்முறையினின்று வழுவினர். மகன் முந்தைய நிலைக்கே மீண்டான். மறுபடியும் இசைக்கச் செய்யுமாறு தந்தை மன்றாடினார். அவனுக்கு எஞ்சியிருந்த உயிர் அவ்வளவே என்றும், இறைவன் வகுத்த தவணையைக் கூட்டுவது எவர்க்கும் இயலாது என்றும் அவ்வறிஞர் விடையிறுத்தார்கள்.

இந்நிகழ்ச்சி மூளைத் தாக்குற்ற ஓர் இளைஞனைப் பற்றியது. முதுமை மறதியைப் பற்றியதன்று. எனினும் இசையால் ஆவது எது, ஆகாதது எது என்னும் எல்லையை இதனினும் தெளிவாகக் காட்டும் வேறொரு கதையை நாம் அறியோம். இசை நோயை நீக்கவில்லை. மூடியிருந்த கதவைச் சிறுபொழுது திறந்து வைத்தது, அவ்வளவே.

தனியொருவரின் திறமையாக இருந்த இது, பின்னர் மருத்துவமனைகளின் ஒழுங்காகவும் ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் தோன்றிய ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் அறிஞர் குழுவினர், இசை பற்றிய தம் மடலில், நோயாளரின் துன்பம் தணிய மருத்துவமனைகளில் இசைக்கப்பட்ட பண்ணைக் குறிப்பிடுகின்றனர். துருக்கியின் எதிர்னே நகரில், சுல்தான் இரண்டாம் பாயஸீத் அவர்கள் 1488-இல் கட்டி முடித்த மருத்துவமனை இதற்குச் சிறந்த சான்று. பதினேழாம் நூற்றாண்டில் அதனைக் கண்ட பயணி எவ்லியா செலபி, பாடகர் மூவரும் கருவி இசைப்போர் எழுவருமாகப் பத்துப் பேர் அங்கே அமர்த்தப்பட்டிருந்ததையும், வாரத்தில் மூன்று முறை அவர்கள் நோயாளர்க்காக இசைத்ததையும் எழுதியுள்ளார். கவிமாடத்தின் கீழ் எழும் ஓசை சுற்றியுள்ள அறைகளிலெல்லாம் கேட்குமாறு அக்கட்டடம் அமைந்துள்ளது. மனநோயாளர் பல நாடுகளில் விலங்கிட்டு அடைக்கப்பட்ட காலத்தில், அவர்க்கெனச் சம்பளம் தந்து பாடகரை அமர்த்திய அறக்கட்டளை அது. 1997 முதல் அங்கே மருத்துவ அருங்காட்சியகம் ஒன்று இயங்குகின்றது. 2004-இல் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியகப் பரிசையும் அது பெற்றது.

காஞ்சி வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இத்தகைய அறம் அயலானதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலின் கோயில் கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழர் காலத்தில் அங்கிருந்த 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகின்றது. மருத்துவருக்கும், அறுவை செய்வோருக்கும், மருந்து கொணர்வோருக்கும், நோயாளரைப் பேணும் மகளிருக்கும் உரிய ஊதியம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நோயாளரைப் பேணுதல் ஊரின் பொதுக் கடமை என்று அன்றே இம்மண் ஏற்றிருந்தது.

ஓசைக்கும் இவ்வூரில் பஞ்சமில்லை. தாள நுட்பத்தில் தலைசிறந்த காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) வாழ்ந்த ஊர் இது. நடனமேதை பாலசரசுவதி 1925-இல், தம் ஏழாம் வயதில், அரங்கேறியதும் இவ்வூர் அம்மன் கோயில் ஒன்றிலேதான். கோயில் ஊர்வலத்தின் நாகசுரமும், பள்ளிவாசலின் பாங்கோசையும், தறியின் நாடா ஓடும் ஒலியும் இங்குப் பிறந்தோரின் செவியில் ஒருசேர வளர்ந்தவை. நாகசுரம் என்றவுடன், திருவரங்கத்தில் வாழ்ந்து 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அவர்களும் நம் நினைவுக்கு வருவார்கள். செவியில் வளரும் ஓசைக்குச் சமய வேலி இல்லை.

நெசவாளர் ஒருவர் தறிக்குழியில் இறங்கியதும் கால் மிதியைத் தேடுகின்றது. கை நாடாவைத் தேடுகின்றது. பாவின் இழைகளை எண்ணிப் பார்த்து அவர் நெய்வதில்லை. நெடுநாள் பழகிய தொழில் சொல்லாக அன்றிச் செயலாகவே உடலில் தங்கிவிடுகின்றது. ஆட்டமும் பாட்டும் ஓதலும் இவ்வாறே தங்குபவை. பேரன் பெயரை மறந்தவர் ‘ஃபாத்திஹா’ அத்தியாயத்தைத் தடையின்றி ஓதுவது இதனால்தான். ஜெர்மனியில் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, நெடுங்காலம் பழகிய இசையை நினைவில் தாங்கும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் பிற பகுதிகளைப் போல் தேய்வதில்லை என்று காட்டியுள்ளது.

ஆயினும் மிகைபடக் கூறலாகாது. 22 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு ஆய்வுரை, இசையால் மனச்சோர்வு குறையக்கூடும், நடத்தைச் சிக்கல்கள் தணியக்கூடும் என்கின்றது. நினைவாற்றலோ அறிதிறனோ அதனால் மீள்வதாகச் சான்றில்லை என்றும் அதுவே கூறுகின்றது. நடனத்தைப் பற்றிய தேர்ந்த சோதனைகள் இன்னும் மிகச் சிலவே. அல்கிந்தி அவர்கள் அத்தந்தைக்குச் சொன்ன விடைக்கு மேல் நாம் இன்றும் அதிகம் சொல்லிவிடவில்லை.

இசை கேட்பது மார்க்கத்தில் ஆகுமா என்னும் வினா வாசகர் உள்ளத்தில் எழுவது இயல்பே. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கருவியிசையை அறவே விலக்கியோரும், நிபந்தனையுடன் ஏற்றோரும் இருக்கின்றனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் இதற்கெனத் தனிப் பகுதியே வகுத்து, இசை ஒருவர் உள்ளத்தில் ஏற்கெனவே உறைந்திருப்பதைத்தான் கிளறுகின்றது, புதிதாக எதனையும் நடுவதில்லை என்னும் முன்னோர் கருத்தை எடுத்தாளுகின்றார்கள். பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டியும் கேடயமும் ஏந்தி ஆடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு களித்தார்கள். அன்னையாருக்குப் போதும் என்று தோன்றும் வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடன் நின்றார்கள். முதியோர் முன் கலை நிகழ்த்துவோர் கற்க வேண்டிய பண்பு இதில் இருக்கின்றது. நிகழ்ச்சியின் அளவைக் காண்பவரின் நிறைவே வகுக்க வேண்டும். கருவியிசையில் தயக்கமுள்ளோர்க்கு வேறு வழியும் திறந்தே உள்ளது. இனிய குரலில் ஓதும் கிராஅத், மவ்லிது, முனாஜாத்து ஆகியன நம் இல்லங்களில் பலருக்கும் இளமை தொட்டே பழகியவை. பக்கவாதத்தால் தளர்ந்திருந்த இமாம் பூஸீரி (ரஹ்) அவர்கள் இயற்றிய ‘கஸீதத்துல் புர்தா’ நோய்ப்படுக்கையில் பிறந்த பாடல் என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, நாம் இக்கட்டுரையில் முதன்மையாகக் கூற விழைவது ஒன்று. ஹதீஸ் கலையில் ‘இக்திலாத்’ என்றொரு சொல் உண்டு. முதுமையில் நினைவு கலங்கிய அறிவிப்பாளரை அது குறிக்கும். ஹாஃபிழ் அலாயீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 761) போன்றோர் இவர்களைப் பற்றித் தனி நூலே இயற்றினர். கூஃபா நகரின் அதாஉ பின் ஸாயிப் அவர்களிடம், நினைவு கலங்குமுன் கேட்டவர் யார், கலங்கிய பின் கேட்டவர் யார் என்று பகுத்து, முன்னவரின் அறிவிப்பை ஏற்றனர். பிற்காலத்து மறதி முற்காலத்து அறிவை அழித்துவிட்டதாக அவர்கள் கருதவில்லை. பஸராவின் ஜரீர் பின் ஹாஸிம் அவர்களுக்கு நினைவு கலங்கியபோது, அவருடைய மக்கள் அவரிடம் எவரும் ஹதீஸ் கேளாதவாறு மறைத்துக் காத்தனர். அவர்கள் மறைத்தது தந்தையின் பிழையை. தந்தையின் மதிப்பைக் காக்கவே மறைத்தனர். நாமோ பிழையோடு சேர்த்து மனிதரையும் மறைத்துவிடுகின்றோம்.

மறைப்பதை விடுத்து நாம் செய்யக்கூடியவை எளியவை. அவர் இளமையில் கேட்டது எதுவென்று உறவினரிடம் கேட்டறியலாம். நாகூர் ஹனீஃபா அவர்களின் குரலாகவோ, அன்னை பாடிய தாலாட்டாகவோ, திருமணத்தில் கொட்டிய தஃப் ஓசையாகவோ அது இருக்கலாம். இரைச்சலின்றி, சிறுபொழுது, நாள்தோறும் ஒரே வேளையில் அதனைக் கேட்கச் செய்யலாம். கை தாளமிட்டால் நாமும் கையைக் கொடுக்கலாம். முகம் சுளித்தால் நிறுத்திவிட வேண்டும். எல்லாப் பழைய பாடலும் இன்ப நினைவையே எழுப்பும் என்பதில்லை. மருத்துவரின் துணையையும் விட்டுவிடலாகாது. சென்னையில் 1984-இல் மருத்துவர் சாரதா மேனன் அவர்கள் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு மறதி நோயாளரைப் பேணும் பணியையும் ஏற்றுள்ளது.

கதவு திறக்கும் அச்சிறுபொழுதில் நாம் என்ன செய்கின்றோம் என்பதே இறுதி வினா. ‘நான் யார், சொல்லுங்கள்’ என்று முதியவரைச் சோதிப்போர் பலர். பத்திரம் எங்கே, சாவி எங்கே என்று கேட்போரும் உளர். பக்தாதின் வணிகருக்குக் கணக்கைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லாதிருந்திருக்கலாம். அவரைக் குறை கூற நாம் துணியோம். பெற்றோர் முதுமை எய்துங்கால் சலிப்பின் ஒலியைக்கூட எழுப்பலாகாது எனத் திருமறை பணித்திருக்க, நமக்கோ அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய கணக்கு எதுவும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. எஞ்சியிருப்பது நாம் அவர்களுக்குத் தரவேண்டிய கணக்கே. அருகமர்ந்து, அவர் பாடும் அடியை நாமும் உடன் பாடுவது அக்கணக்கில் ஒரு சிறு வரவாக அமையட்டும்.