ஓர் ஓலை, பல வாசிப்பு

ஓர் உடலிலுள்ள உயிரணுக்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே மரபுச் செய்திதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, நரம்பு நரம்பாகவும் சிறகு சிறகாகவும் அமைவது எங்ஙனம்? எந்த மரபணு எங்கே செயற்படுகிறது என்பது விடையின் ஒரு பாதி. ஒரே மரபணுவின் செய்தி இடத்துக்கிடம் வேறாக வாசிக்கப்படுகிறது என்பது மறுபாதி. அந்த மறுபாதியின் வரலாற்றையே நேயர்களுக்குக் கூற விழைகிறேன்.

1977ஆம் ஆண்டில் ரிச்சர்டு ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே ஒரு வியப்பைக் கண்டன. மரபணுவின் செய்தி தொடர்ச்சியாக இல்லை; இடையிடையே வேண்டாத பகுதிகள் உள்ளன. அவற்றை வெட்டி நீக்கி, எஞ்சியவற்றை இணைத்த பின்னரே தூது ஆர்.என்.ஏ. முழுமை பெறுகிறது. ஒரே தகட்டைப் பலவாறு வெட்டி இணைத்து வெவ்வேறு உறுப்புகள் செய்யலாம் என்பதை எங்கள் பிள்ளைப்பாக்கத்துப் பட்டறைத் தொழிலாளர் நன்கறிவர். உயிரணுவும் அவ்வாறே செய்கிறது.

பழ ஈயில் இதற்கு நல்ல சான்று 1986இல் கிடைத்தது. 'பி' என்னும் தாவும் மரபணு, இனப்பெருக்க உயிரணுக்களில் மட்டுமே இடம்விட்டு இடம் தாவும். லாஸ்கி, ரியோ, ரூபின் மூவரும் அதன் காரணத்தைக் கண்டனர். அதன் செய்தியிலுள்ள ஓர் இடைத்துண்டு அங்கே மட்டும் நீக்கப்படுகிறது. உடலின் பிற உயிரணுக்களில் அது நீங்குவதில்லை. அத்துண்டை அவர்கள் முன்கூட்டியே அகற்றியபோது, அம்மரபணு உடலெங்கும் தாவியது!

வெட்டும் இடத்தை முடிவு செய்வது யார்? பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் சந்தியா கௌஷிகா, லிஸ்பின், கல்பனா வைட் ஆகியோர் 1996இல் ஒரு விடை அளித்தனர். 'எலாவ்' என்னும் புரதம் ஈயின் நரம்பணுக்களுக்கே உரியது. அப்புரதத்தைச் சிறகாக வளரவிருந்த இளந்திசுவில் தோன்றச் செய்தனர். உடனே அங்கேயும் 'நியூரோகிளியன்' என்னும் மரபணுவின் செய்தி நரம்புக்குரிய வடிவில் இணைக்கப்பட்டது. கௌஷிகா பின்னர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வாளரானார். 1962இல் ஒபைத் சித்திக்கி மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கியதும் அந்நிறுவனத்திலேயே.

'ஈயை ஆராய்வதால் நமக்கென்ன பயன்?' என்று எங்கள் ஊரில் என்னைக் கேட்பவருண்டு. முதுகெலும்புத் தசைநலிவு நோயில் குழந்தைகளின் தசைகள் படிப்படியாகச் செயலிழக்கின்றன. அக்குழந்தைகளிடம் மாற்றாக உள்ள மரபணுவின் செய்தியில், தேவையான துண்டொன்று பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அத்துண்டை விடாமல் இணைக்கச் செய்யும் நுசினெர்சன் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2016இல் ஒப்புதல் அளித்தது. வெட்டி இணைக்கும் விதிகளை வைரசிலும் ஈயிலும் எலியிலும் பொறுமையோடு கற்றிராவிடில், இத்தகைய மருந்தை எண்ணிப் பார்த்திருக்கவும் இயலாது. ஆயினும் அதன் விலை எளியோர்க்கு எட்டாத உயரத்தில் உள்ளது. அறிவு வழிகாட்டிவிட்டது, அதன் பயனை ஏழைக் குழந்தைக்கும் கொண்டு சேர்ப்பது சமுதாயத்தின் கடன் என்பேன்.