மீனுக்கு ஒரு முத்தம்

தீட்சை என்றால் குருவும் மந்திரமும் நம் நினைவுக்கு வரும். மதுக்கடையில் தீட்சை கொடுக்கும் ஊரும் ஒன்று உண்டு. கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவுதான் அது. அந்தச் சடங்குக்கு 'ஸ்க்ரீச்-இன்' என்று பெயர்.

தலைநகரான செயின்ட் ஜான்ஸில் மதுக்கடைகளுக்குப் பேர்போன ஜார்ஜ் தெரு இருக்கிறது. அங்கே வெளியூர்க்காரர் அகப்பட்டால் போதும், மீனவர் தொப்பி அணிந்த ஒருவர் புரோகிதராகிவிடுவார். "நீ ஸ்க்ரீச்சர்தானா?" என்று அவர் கேட்பார். "ஆமாம், உங்கள் பாயில் நெடுநாள் காற்று நிறையட்டும்" என்ற பொருளில், அவ்வூர்க் கொச்சையில் பதில் சொல்ல வேண்டும். ஸ்க்ரீச் என்ற ரம்மை மடக்கென்று விழுங்க வேண்டும். பிறகு ஒரு காட் மீனின் வாயில் முத்தமிட வேண்டும்! இவ்வளவையும் செய்தவருக்குச் சான்றிதழ் உண்டு.

இந்தச் சடங்கு மிகப் பழையதன்று. 1970-களுக்குப் பிறகே பிரபலமாயிற்று. ஆனால் ரம்முக்கும் மீனுக்கும் உள்ள உறவு பழையது. நாம் சிறு வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த மீனெண்ணெய், இந்தக் காட் மீனின் ஈரலில் எடுத்ததுதான். 1497-ல் ஜான் காபட் அந்தப் பக்கம் போய்த் திரும்பியபோது, கூடையை இறக்கினாலே மீன் அகப்படுகிறது என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது. பிற்காலத்தில் உப்பிட்டு உலர்த்திய மீனில் மட்டமான ரகம் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிற்று. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு அது உணவு. அவர்கள் வெட்டிய கரும்பு ரம்மாகி, கப்பலேறி வடக்கே வந்தது.

அள்ள அள்ளக் குறையாது என்று நம்பிய கடல் ஒருநாள் வற்றியது. பெரிய இழுவலைக் கப்பல்கள் பல வருஷங்கள் வாரிக்கொண்டு போனதன் பலன் அது. 1992 ஜூலையில் சர்க்கார் காட் மீன்பிடிப்புக்குத் தடை விதித்தது. சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தனர். இரண்டு வருஷம் என்று சொன்ன தடை 2024-ல்தான் நீங்கியது. அதுவும் 18,000 டன் என்ற வரம்புடன்தான்.

படகுகள் கரையேறிக் கிடந்த அந்த வருஷங்களிலும் முத்தச் சடங்கு நின்றுவிடவில்லை. பனிப்பெட்டியிலிருந்து மீன் வந்தது, விருந்தாளிகள் சிரித்தார்கள். தங்களைக் கோமாளிகளாக்கும் கூத்து இது என்று முகம் சுளிக்கும் உள்ளூர்க்காரர்களும் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒன்று தோன்றுகிறது. ஐந்நூறு வருஷம் சோறு போட்ட மீனுக்கு, அதைத் தீர்த்துவிட்ட உலகத்திலிருந்து வருகிறவன் ஒரு முத்தமாவது கொடுத்துவிட்டுப் போகட்டுமே!