எம்டன் மூழ்கடித்த கப்பலும் தஞ்சாவூர்ச் சந்துகளும்

ஊரில் யாராவது கொஞ்சம் கில்லாடியா, பார்த்தாலே பயப்படுற மாதிரி இருந்தா "அவன் சரியான எம்டன்டா"ன்னு சொல்வோம். 'எம்டன் மகன்'னு பேர் வெச்சு, 2006-ல் 'எம் மகன்' ஆகி வந்த படம்கூட ஞாபகம் இருக்கும். இந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்தது என்பதெல்லாம் நம்ம மக்களுக்குத் தெரிந்த கதை.

தெரியாத கதை அடுத்த மாசம் நடந்தது. அக்டோபரில் அதே எம்டன் அரபிக்கடலில் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதில் வந்துகொண்டிருந்த சரக்குகளில் ஒன்று, நகரங்களைப் பற்றிய ஒரு கண்காட்சி. பல வருஷம் சேர்த்த வரைபடங்கள், ஓவியங்கள், படங்கள் எல்லாம் கடலுக்குள் போய்விட்டன. அதற்குச் சொந்தக்காரர் வேறொரு கப்பலில் வந்ததால் தப்பித்தார். அவர் பேர் பேட்ரிக் கெடிஸ். இந்தப் பதிவு அவரைப் பற்றியும், அவர் சொன்னதை நாம் என்ன செய்தோம் என்பதைப் பற்றியும்.

கெடிஸ் 1854-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். படித்தது உயிரியல், வேலை பார்த்தது தாவரவியல் பேராசிரியராக. 1886-ல் கல்யாணமான கையோடு எடின்பரோவின் பழைய நகரத்தில், இடிந்து போன ஒரு குடியிருப்புக்குள் மனைவியோடு குடிபோனார். நல்ல தெருவில் வீடு எடுக்க வசதி இல்லாமல் இல்லை. அங்கேயே இருந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வெள்ளையடிப்பது, குப்பை அள்ளுவது, ஜன்னலில் செடி வைப்பது, ரிப்பேர் பார்ப்பது என்று ஆரம்பித்தார். "இடித்துவிட்டுப் புதுசா கட்டுவோம்" என்று எல்லாரும் சொன்ன காலத்தில், "இருக்கிறதைத் தேற்றலாம்" என்ற ஆள்.

அவரை இங்கே கூப்பிட்டவர் அப்போதைய சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. கப்பல் போனதும் மனுஷன் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. நண்பர்கள் பிரிட்டனிலிருந்து மறுபடி படங்கள் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது. அதோடு மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கையும் எழுதினார். மதுரை, தஞ்சாவூர், பெல்லாரி எல்லாம் அதில் உண்டு.

அப்போது நகராட்சிகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொன்னால்தான் அவர் செய்தது புரியும். பிளேக், காலரா பயம். நெருக்கமான சந்துகள்தான் நோய்க்குக் காரணம் என்ற எண்ணம். அதனால் என்ஜினியர் மேப்பை விரித்து, ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போடுவார். கோடு போகிற வழியில் இருக்கிற வீடெல்லாம் காலி. காற்றோட்டம், சாக்கடை, அகலமான ரோடு என்று காகிதத்தில் பார்க்க அம்சமா இருக்கும். அங்கே இருந்த சனம் எங்கே போகும்? அது மேப்பில் வராது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கும் இப்படி ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் அந்தச் சந்துகளுக்குள் நடந்தார். எந்த வீடு நல்லா இருக்கு, எது விழப்போகுது, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே கோயில் என்று பார்த்துக் குறித்தார். பிறகு அவர் சொன்னது இதுதான்: மோசமான சில வீடுகளை மட்டும் எடுங்க, அந்த இடத்தைச் சின்ன முற்றமாக்கி மரம் வைங்க, சந்து இறுகும் இடத்தில் கொஞ்சம் அகலப்படுத்துங்க, மத்ததைத் தொடாதீங்க. செலவும் என்ஜினியர் திட்டத்தைவிட மிகக் குறைவு. இந்த முறைக்கு அவர் வைத்த பேர் 'கன்சர்வேட்டிவ் சர்ஜரி'. அழுகிய இடத்தை மட்டும் எடு, காலை வெட்டாதே என்கிற வைத்தியம்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு விஷயம் உண்டு. குடிசைகளை இடித்தால் நெரிசல் குறையாது, அடுத்த தெருவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். வீடு இழந்தவன் பக்கத்தில் இருக்கிற இன்னொரு நெருக்கடியான இடத்தில்தான் போய் ஒண்டுவான். 1915-ல் சொன்னது மக்களே!

மக்களைச் சேர்த்துக்கொள்வதில் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதற்கு இந்தூர் கதை. 1917-ல் போரில் மகன் இறந்தார், அதே வருஷம் இந்தியாவில் இருக்கும்போதே மனைவியும் இறந்தார். அதற்கப்புறமும் மனுஷன் வேலையை விடவில்லை. பிளேக் பயத்தில் இருந்த இந்தூரில், ஒரு நாள் மகாராஜாவாக இருக்க அனுமதி வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு ஊர்வலம் ஏற்பாடு செய்தார். எந்தத் தெருவில் வீடுகளை அதிகமாகச் சுத்தம் செய்து ரிப்பேர் பார்த்திருக்கிறார்களோ, அந்தத் தெரு வழியாகத்தான் ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். பிறகென்ன, தெருவுக்குத் தெரு போட்டி! ஊர்வலத்தில் பிளேக்கைக் காட்ட ஒரு ராட்சச எலி பொம்மை வந்தது. அழுக்கு அரக்கனைக் கடைசியில் கொளுத்தினார்கள். நோட்டீஸ் ஒட்டி, அபராதம் போட்டுச் செய்யவைக்கிற வேலையை ஒரு திருவிழா செய்தது.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அவரும் வெள்ளைக்கார அரசின் விருந்தாளிதான். அவர் போட்ட திட்டத்துக்குத் தெருவாசிகள் ஓட்டுப் போடவில்லை. அறிக்கைகளில் பெரும்பாலானவை அலமாரியில் தூங்கின. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் வரிசை சரியாக இருந்தது: முதலில் போய்ப் பார், பேசு, அப்புறம் கோடு போடு.

நம் சட்டங்களில் வரிசை தலைகீழ். 1971-ம் வருஷத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் மக்களைக் கேட்பது உண்டு. எப்போது? வரைவுத் திட்டம் தயாரான பிறகு, "ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரவும்" என்று. சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது நல்லாப் புரியும். ரெக்வயர்மென்ட் கேட்காமல் கோடு எழுதி முடித்துவிட்டு, கடைசி வாரம் கிளையன்ட்டிடம் "ஏதாவது கமென்ட்ஸ் இருக்கா?" என்று கேட்பது மாதிரி. நானும் அப்படி ஒரு ப்ராஜெக்டில் இருந்திருக்கேன். கமென்ட்ஸ் வந்தது, ஹி ஹி. திருத்த நேரம்தான் இல்லை.

சென்னையில் நடுவில் ஒரு நல்ல முயற்சியும் நடந்தது. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1977-ல் உலக வங்கி உதவியோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, ரோடு, தண்ணீர், வடிகால் மட்டும் கொடுத்தார்கள். வீட்டை அவங்கவங்க கையில் காசு வரும்போது கட்டிக்கொள்ளலாம். அடுத்து முகப்பேர். இன்னைக்கு அந்தப் பக்கம் போனால் அது 'திட்டப் பகுதி' என்றே தெரியாது. கடை, மாடி, வாடகைக் குடித்தனம் என்று சாதாரண ஊராக வளர்ந்துவிட்டது.

ஆனால் 2000-லிருந்து கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கத்தில் எட்டு மாடி பிளாக்குகள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை, பள்ளிக்கூடம், தெரிந்த மனிதர்கள் எல்லாம் பழைய இடத்தில். வீடு மட்டும் பல மைல் தள்ளி. 2015 வெள்ளத்தில் ஆற்றோரத்தில் இருந்தவர்களைப் 'பாதுகாப்பாக' மாற்றிய பகுதியிலும் தண்ணீர் வரும் என்பதை அந்த வெள்ளமே கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் காட்டியது.

இதில் உள்ளாட்சி எங்கே? 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் நகரத் திட்டமிடலையும் குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகராட்சிகளின் வேலைப் பட்டியலில் சேர்த்தது. சென்னையில் திட்டம் சிஎம்டிஏ கையில், வீடு வாரியத்தின் கையில். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் கவுன்சிலர் கையில் இரண்டுமே இல்லை. 2022 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டு நகரங்களில் முதல்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தெருவிளக்கு, சாக்கடை பற்றிப் பேச ஓர் இடம் கிடைத்தது. வீட்டைப் பற்றியும் அங்கே பேச முடிந்தால்தான் முழுமை.

எங்கள் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா, இப்படி ஊர் மாற்றப்பட்டவர். "முன்னாடியே உங்களைக் கேட்டிருந்தா என்னக்கா சொல்லியிருப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். பெரிய எதிர்ப்புப் பேச்சு வரும் என்று நினைத்தேன்.

"வீடு வேணாம்னு யாரு தம்பி சொல்லுவா? பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும், ரெண்டு மாசம் கழிச்சு வரேன்னு சொல்லியிருப்பேன். அவ்ளோதான்."

அவ்ளோதான். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

உங்க ஊரில் பகுதி சபை நடந்ததா, போனீங்களா, என்ன பேசினாங்க? பின்னூட்டத்தில் சொல்லுங்க. நான் அடுத்த கூட்டத்துக்குப் போறதா இருக்கேன். போயிட்டு வந்து எழுதறேன்.