நடுக்குவாதமும் பாவனைச் சத்திர சிகிச்சையும்

நரம்பு நோய்க்குப் புதிதாகக் கண்ட சிகிச்சை ஒன்று பலித்ததா என்று தீர்மானிப்பதற்கு மருத்துவருடைய கண்ணும் நோயாளியினுடைய வாக்கும் போதிய பிரமாணங்கள் ஆகுமா என்னும் வினாவுக்கு, பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தின் சிகிச்சை வரலாறு ஐயத்துக்கு இடமின்றி விடை கூறுகிறது. ஆகா என்பதே அவ்விடை. அதன் பயனாக, மண்டையில் துளையிட்டும் உள்ளே ஒன்றும் வைக்காமல் விடுகிற பாவனைச் சத்திர சிகிச்சையும், தக்க வரம்புகளுக்கு உட்பட்டுச் செய்யப்படுமாயின், வைத்திய தர்மத்துக்கு விரோதமாகாது என்பது என் துணிபு.

மூளையில் டோபமின் என்னும் இரசாயனப் பொருள் குன்றுவதே இந்நோயின் பிரதான காரணம். 1957இல் சுவீடன் தேசத்து அர்விட் கார்ல்சன், ரெசர்பின் என்னும் மருந்து கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களை, மூளையில் டோபமினாக மாறும் டோபா என்னும் பொருளின் ஊசியினால் எழுப்பிக் காட்டினார். 1960இல் வியன்னாவின் ஹோர்னிகீவிச், இறந்த நோயாளிகளின் மூளையில் அக்குறைவைக் கண்டார். மறு ஆண்டே பிர்க்மாயரும் அவரும் சேர்ந்து நோயாளிகளுக்கு டோபாவைச் செலுத்த, படுக்கையிலிருந்து எழ இயலாதவர் எழுந்து நடந்தனர். இத்தகைய பிரத்தியட்சம் இருக்கையில் ஒப்பீடு எதற்கு என்று கேட்பவர் உண்டு. ஆனால் எல்லாச் சிகிச்சையும் டோபாவைப் போன்றதன்று. மெக்சிகோவில் இரு நோயாளிகளுக்கு அவர்களுடைய அட்ரினல் சுரப்பியின் திசுவையே எடுத்து மூளையில் ஒட்டியபோது மிகுந்த குணம் கண்டதாக 1987இல் வந்த செய்தியை நம்பிப் பல நாடுகளில் அச்சிகிச்சை பரவியது. பலன் அற்பமும் அநித்தியமுமே என்று தெளிந்து அது கைவிடப்படுவதற்குள், ஒப்பீட்டுக் குழு இன்றியே எத்தனையோ பேர் கத்திக்கு உள்ளாகிவிட்டனர்.

இந்நோயில் நம்பிக்கை என்பது வெறும் மனோபாவம் அன்று. மருந்தென்று எண்ணி மருந்தல்லாததைப் பெற்ற நோயாளிகளின் மூளையில் டோபமினே மெய்யாகச் சுரந்ததென 2001இல் வான்கூவர் ஆய்வாளர் கதிரியக்கப் படப்பிடிப்பினால் நிரூபித்தனர். மருந்து எந்த இடத்தில் தொழிற்படுகிறதோ அதே இடத்தில் ஆசையும் தொழிற்படுமானால், இரண்டையும் பிரித்தறிய ஒப்பீடு அல்லாமல் வேறு மார்க்கம் யாது?

அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த பரிசோதனை கூர்ந்து நோக்கத்தக்கது. நோயாளிகள் 40 பேர். அவர்களுள் 20 பேருக்குக் கருவின் திசு மூளையில் ஒட்டப்பட்டது; மற்றவருக்கும் நெற்றியில் துளைகள் இடப்பட்டன, ஆனால் மூளையைப் போர்த்த உறை துளைக்கப்படவில்லை. தாம் எக்குழுவினர் என்பதை ஓராண்டு வரை நோயாளியும் அறியார், அவரைச் சோதித்த மருத்துவரும் அறியார். ஆண்டு முடிவில் நோயாளிகள் தம் நிலையைத் தாமே மதிப்பிட்டதில் இரு குழுவினருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. 60 வயதுக்கு உட்பட்டவரின் அசைவுகளில் மட்டும், மருத்துவ சோதனையில், ஓரளவு குணம் தெரிந்தது. அதைவிட ஆழ்ந்த பாடம் 2004இல் வெளியாயிற்று: திசு தமக்கு வைக்கப்பட்டதென நம்பியவர், உண்மையில் அது வைக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிடினும், தம் வாழ்வு சிறந்ததாகவே உணர்ந்திருந்தனர்.

பயனில்லாத துளையை ஒருவருடைய நெற்றியில் இடுவது அநியாயம் என்னும் ஆட்சேபத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. தனக்கு நேரக்கூடியதை முழுதும் அறிந்து அவர் சம்மதிக்க வேண்டும். அபாயம் இயன்ற அளவு குறைக்கப்பட வேண்டும். ஒட்டு பின்னர் அவருக்கும் கிடைக்க வழி வேண்டும். அப்பரிசோதனையில் இவை பேணப்பட்டன. ஆனால் அதே நியாயம் எதிர்ப்பக்கத்தையும் பற்றும். திசு ஒட்டப்பெற்றவருள் 15 விழுக்காட்டினருக்கு, டோபாவைக் குறைத்தும் நிறுத்தியும்கூட ஓயாத கட்டுக்கடங்கா அசைவுகள் தோன்றின. ஒப்பீடின்றி அச்சிகிச்சை மெக்சிகோவின் வழியே பரவியிருக்குமாயின், அத்துன்பத்தை மேலும் எத்தனையோ நோயாளிகள் யாதொரு சோதனையின் காப்பும் இன்றி ஏற்றிருப்பார்கள்.