கொடியும் குடியும்

தெரணியகலையைச் சூழ்ந்த மலைகளில் கித்துள் மரங்கள் மிகுதி. கிராமத்தவர் அதன் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கினர். புளித்ததைக் கள்ளாக அருந்தினர். தேயிலையும் இறப்பரும் பரவியபின், தோட்டத் தொழிலாளியின் கூலியை நாடித் தவறணைகளும் வந்து சேர்ந்தன. குடியை எதிர்த்து எழுந்த இயக்கங்களை அவற்றின் கொடிகளைக் கொண்டே ஆராய்வது ஒரு சுவையான வழி.

அமெரிக்காவில் 1840ஆம் ஆண்டு, பால்டிமோர் நகரத்துக் குடிகாரர் சிலர் குடியைத் துறந்து வாஷிங்டன் பெயரால் ஒரு சங்கம் கண்டனர். 1874இல் மாதர் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. ஊர்வலங்களில் வண்ணம் தீட்டிய பட்டுக் கொடிகள் முன்சென்றன. அவற்றுள் எஞ்சியவற்றை அங்கே பழம்பொருள் திரட்டுவோர் இன்றும் தேடி வாங்குகின்றனர். எடை கூட்டுவதற்காக உலோக உப்பு ஊட்டப்பட்ட பட்டு, மடிப்புகளில் எளிதில் கிழிந்துவிடும். அதனால் அவற்றை மடியாது விரித்தே பேணுகின்றனர்.

இலங்கையின் கொடி வரலாற்றிலும் ஓர் அமெரிக்கர் உண்டு. 1885இல் கொழும்புக் குழுவொன்று வகுத்த பௌத்தக் கொடி மிக நீண்டிருக்கக் கண்டு, வழக்கமான அளவுக்குக் குறைக்கச் சொன்னவர் கேணல் ஒல்கொட். அந்தப் பௌத்த மறுமலர்ச்சியே பின்னர் மதுவிலக்குக்கும் உரமாயிற்று. 1904இல் தென்மாகாணத்தில் கிளம்பிய இயக்கம் 1912இல் வலுத்தது. கள்ளையும் சாராயத்தையும் தனித்தனிக் கடைகளில் விற்கும் அரசின் புதிய ஏற்பாட்டால், கடையே இல்லாத கிராமத்திலும் கடை திறக்கப்படும் என மக்கள் அஞ்சினர். எப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் முன்னின்றனர். 1915இல் சிங்கள முஸ்லிம் கலவரம் மூண்டபோது, ஆட்சியாளர் மதுவிலக்குத் தலைவர்கள் மீதே ஐயுற்று அவர்களைச் சிறையிட்டனர்.

அந்த அடக்குமுறைக்கு எதிராக லண்டனில் முறையிட்டவர்களுள் ஈ. டபிள்யூ. பெரேராவும் ஒருவர். கண்டி அரசு 1815இல் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைப்பற்றிய சிங்கக் கொடியை, செல்சியிலுள்ள முதிய போர்வீரர் இல்லத்தில் இனங்கண்டவரும் அவரே. சிங்களக் கொடிகள் பற்றிய அவருடைய நூல் 1916இல் வெளிவந்தது.

அரசனின் கொடி நூறாண்டு கழித்தும் அகப்பட்டது. லயத்துத் தமிழரின் நிலை வேறு. பௌத்தக் கிராமத்தின் மொழியில் பேசிய இயக்கம் அவர்களுக்குப் பெரிதும் அந்நியமாகவே இருந்தது. சம்பள நாளன்று தவறணை வாயிலில் கணவனைத் தேடி நின்ற பெண்ணின் குறையை எழுதி ஏந்துவதற்குக் கொடி எங்கிருந்து வரும்? அவள் கதையை அறிய விரும்புவோர், தோட்டக் காரியாலயத்துச் செக்றோலையும் கங்காணியின் கடன் கணக்கையுமே புரட்டிப் பார்க்கவேண்டும்.