தீர்ப்பில் பிறந்த வார்த்தை

‘எங்க பையன் செல்போனுக்கு அடிக்ட் ஆயிட்டான் சார்!’ - இந்தப் புலம்பலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காபி, கிரிக்கெட், டி.வி. சீரியல் என்று எதற்கும் ‘அடிக்டட்’ என்று சொல்லிவிடுகிறோம். இந்த வார்த்தை பிறந்த இடம் ஒரு கோர்ட் என்றால் நம்புவீர்களா?

வாருங்கள், பழைய ரோமாபுரிக்குப் போவோம். கி.மு. 451-450ல் எழுதப்பட்ட ‘பன்னிரண்டு பலகைகள்’ சட்டம், கடன்காரனுக்கு 30 நாள் கெடு கொடுத்தது. அதற்குள் கட்டாவிட்டால், கடன் கொடுத்தவர் அவன்மேல் கை வைத்து நீதிபதி முன் இழுத்து வருவார். ‘இவன் உனக்கு’ என்று நீதிபதி சொல்லிவிட்டால் தீர்ந்தது. அப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்கு லத்தீனில் பெயர், ‘அடிக்டஸ்’!

60 நாள் விலங்கு. சொந்தச் சாப்பாட்டுக்கு வழியில்லையென்றால் தினம் ஒரு பவுண்டு தானியம். இடையில் மூன்று சந்தை நாட்களில் வெளியே கொண்டுவந்து கடன் தொகையை ஊரறிய அறிவிப்பார்கள். யாரும் மீட்கவில்லையா? மரணம், அல்லது டைபர் நதிக்கு அப்பால் அடிமையாக விற்பனை!

இவர்கள் எல்லாம் ஊதாரிகளா? இல்லை. கி.மு. 495ல் கந்தல் உடையோடு ரோமின் சந்தைவெளிக்கு ஓடிவந்த ஒரு கிழவரைப் பற்றி லிவி எழுதுகிறார். மார்பில் போர்த் தழும்புகள், முதுகிலோ சாட்டைத் தழும்புகள்! போருக்குப் போன நேரத்தில் எதிரிகள் வீட்டை எரித்துவிட, வரிகட்டக் கடன் வாங்கியவர் அவர். ஊரே கொதித்தது. ஆனாலும், கடனுக்காக உடம்பை அடகு வைக்கும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் கி.மு. 326ல்தான் வந்தது என்கிறார் லிவி.

வார்த்தை மட்டும் சாகவில்லை. 16-ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், ஒன்றுக்குத் தன்னையே ஒப்புக்கொடுத்தவன் ‘அடிக்டட்’. படிப்பில் மூழ்கியவனைக்கூட அப்படிச் சொன்னார்கள். அபின், மார்ஃபின் வாடை அழுத்தமாக ஒட்டிக்கொண்டது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1964ல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, இதற்குப் பதில் ‘சார்ந்திருத்தல்’ என்ற பொருள்தரும் சொல்லைச் சிபாரிசு செய்தது. ஊர் வாய் கேட்டால்தானே! நாமும் ‘குடிக்கு அடிமை’ என்றுதானே சொல்கிறோம்?

அந்தக் கொடூரச் சட்டத்திலும் ஒரு கதவு இருந்தது. ‘இவனுக்கு நான் பொறுப்பு’ என்று ஒருவர் முன்வந்தால், அவன்மேல் வைத்த கையை எடுத்தாக வேண்டும். நம் தெருவிலும் யாரோ ஒரு ‘அடிக்ட்’ இருப்பார். அவரைத் திட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பொறுப்பேற்க..?